தண்ணீரைச் சிறைபிடித்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு மலை, மலையடியில் ஓடையை மறித்துக் கட்டிய சின்ன அணை ஒன்று, அணைக்குப் பின்னால் ஓர் ஏரி, ஏரியின் ஒரு பக்கத்தில் அரண்மனை, அணைக் கரைக்குக் கீழே தாழைக்குடி என்று ஓர் ஊர். இவ்வளவும் ஒரு ராஜ்யத்தில் இருந்தன. ராஜ்யத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்தச் சீமைக்காரர்கள் யாராவது இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.

அந்த ராஜா பொல்லாதவர் அல்ல. வேளைக்குச் சாப்பிட வேண்டும், வேளைக்குத் தூங்க வேண்டும், நடுவில் கொஞ்சம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர். ஆனால் வயிறு நிறைந்த ராஜாக்களுக்கு ஏதாவது ஓர் ஆசை முளைத்துவிடுகிறது. அந்த வருஷம் மேற்கே மலையில் நல்ல மழை. ஆடி முடிவதற்குள் ஏரி தளும்பி நின்றது. ஒரு நாள் காலையில் உப்பரிகைக்கு வந்தவர், எதிர்க் குன்றின் மேலிருந்த கோயிலின் பொற்கலசம் ஏரித் தண்ணீரில் தலைகீழாக மின்னுவதைக் கண்டார். மறுநாளும் கண்டார். அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் பல் துலக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

புரட்டாசியில், இளவரசனுக்குப் பெண் கொடுப்பதா என்று முடிவு செய்ய, வருங்காலச் சம்பந்தி ராஜா வருவதாக இருந்தது. "அவர் அந்தக் கலசத்தை ஏரித் தண்ணீரில் பார்க்க வேண்டும். அதுவரை என் அனுமதி இல்லாமல் ஏரியை விட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியேறக் கூடாது. மதகை அடையுங்கள்" என்று உத்தரவு போட்டார். கரைக்கு அடியில் கல்லால் வழி அமைத்து, வயலுக்குத் தண்ணீர் விடுவதுதான் மதகு. அதை அடைத்தார்கள். கீழே தாழைக்குடியில் நாற்று வாடியது. மேலே கலசம் மின்னியது.

அந்தச் சபையில் சேந்தன் என்று ஒரு விகடன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் சபை சிரிக்கும். வாயைத் திறக்காமல் தும்மினாலும் சிரிக்கும். பெரிய வீட்டு விருந்துகளுக்கெல்லாம் அவனை அழைப்பார்கள். இலை போடும்வரை அவன் பேச வேண்டும். இலை போட்டதும் அவரவர் அவரவர் சோற்றைப் பார்த்துக்கொள்வார்கள். அவன் சாப்பிட்டானா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. சபை கலைந்ததும் ஆளுக்கொரு பல்லக்கில் ஏறிப் போவார்கள். சேந்தன் நடந்து வீட்டுக்குப் போய், கதவைத் தானே திறந்து, விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வான்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. பூவாயி என்று அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். தாழைக்குடிப் பெண். சபையில் அவன் சொன்ன விகடங்களில் பாதி அவளைப் பற்றியதுதான். "என் மனைவி வைத்த குழம்பைக் குடித்த எலி பக்கத்து வீட்டுக்குப் போய் அழுதது" என்பான். அவளிடமே வந்து அதைச் சொல்லியும் காட்டுவான். அவளும் கரண்டியை ஓங்கிக்கொண்டே சிரிப்பாள்.

சில வருஷத்துக்கு முன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் திரும்பவில்லை; பிள்ளையும் தங்கவில்லை. செய்தி வந்த காலையில் சேந்தன் நேரே சபைக்கு ஓடினான். விடை பெறாமல் சபைக்கு வராதிருக்கக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். "மகாராஜா, என் மனைவி இறந்துவிட்டாள். போய்வர விடை கொடுங்கள்" என்றான்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"பிறகு?" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சேந்தன் கூப்பிய கையோடு அப்படியே நின்றான். அவன் நின்ற நிலையைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ராஜா தன் கழுத்திலிருந்த பொன்னாரத்தைக் கழற்றி அவன் கழுத்தில் எறிந்தார். "இன்றைக்கு இவன் முகத்தைப் பாருங்கள்! இதைப்போல ஒரு விகடத்தை நான் கண்டதே இல்லை!"

சபை கலைந்து அவன் தாழைக்குடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையடியில், மதகுக்குப் பக்கத்தில் புது மண் குவிந்திருந்தது. அவளுடைய அண்ணன் இருளப்பன் அவன் கழுத்தைப் பார்த்தான். பொன்னாரத்தைப் பிடுங்கி ஏரிக்குள் வீசினான். நடந்ததைச் சேந்தன் சொல்லத்தான் சொன்னான். சாவு வீட்டிலும் விகடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் இருளப்பன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆனாலும் சேந்தன் தினமும் காலையில் கரையடிக்குப் போய், அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் சபைக்குப் போவான். மதகை அடைத்த அந்த ஆவணியில் ஒரு நாள் உட்கார்ந்தபோது வேட்டி நனைந்தது. மழை இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தான், ஈரம். கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. முதலில் அது தெளிவாகத்தான் இருந்தது. சில நாளில் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியது. பிறகு செம்மண் நிறமே வந்துவிட்டது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரைக்கு வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. ஏரிக்குக் கீழே பெண்ணெடுத்த யாருக்கும் இது தெரியும்.

போன கோடையில் அந்தக் கரையைச் செப்பனிட்டவர் தலைமை மந்திரியான பிரதானி விருத்தகிரி. கல்லும் சுண்ணாம்பும் வண்டி வண்டியாக அரண்மனையிலிருந்து கரைக்குப் புறப்பட்டதை ஊரே பார்த்தது. வழியில் அவை பிரதானியின் புது மாளிகைக்குத் திரும்பியதை ஊர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது. கரைக்கு மேலே மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

சேந்தன் சபையில் எழுந்தான். "மகாராஜா, ஏரிக்கரை ஒழுகுகிறது. மதகின் கல் விலகியிருக்கிறது. இப்போதே தண்ணீரை இறக்கிச் சரிசெய்யாவிட்டால் ஐப்பசி மழைக்குக் கரை நிற்காது. தாழைக்குடி போய்விடும்."

சிரிப்பு.

"சேந்தா, கரைக்கு ஜலதோஷமா?" என்றார் ராஜா. தூண் அதிரும்படி சிரித்தார்கள். விருத்தகிரி மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார். தாமதித்தவர் சும்மா இருக்கவில்லை. எழுந்து கைகட்டி நின்றார்.

"பிரபு, விகடருக்கு ஏரியின் மேல் இவ்வளவு அக்கறை இருக்கும்போது அவரையே கரைக்குக் காவலாக நியமிக்கலாமே. தங்கள் உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது: அனுமதி இல்லாமல் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது. வெளியேறினால் காவலரின் தலை. அத்துடன், மண்வெட்டியோடு ஒருவனும் கரையில் ஏறக் கூடாது என்றும் ஆக்ஞை வேண்டும். சம்பந்தி வரும் நேரத்தில் வெள்ளையடித்த கரையைக் கொத்திவிடுவார்கள்."

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. விகடன் ஏரியைக் காவல் காப்பதா! "அப்படியே ஆகட்டும்" என்றார். ஒழுகும் கரைக்கு ஒரு மனிதனைக் காவல் வைத்து, ஒழுகினால் தலை என்றால், அதற்குப் பெயர் காவல் இல்லை. பிரதானிக்கு அது தெரியும். சேந்தனுக்கும் தெரியும்.

கரைமேல் ஓலைக் குடிசை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். சேந்தன் முதலில் தாழைக்குடிக்குத்தான் போனான். களத்துமேட்டில் நின்று, "கரை உடையப் போகிறது. பிள்ளைகுட்டிகளோடு மேட்டுக்குப் போய்விடுங்கள்" என்றான்.

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு ஓரத்திலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பரவியது. ஒரு கிழவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க சாமி, எம் மவன் மாடு கட்டிட்டு வந்துரட்டும்" என்றாள் இன்னொருத்தி.

இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "அரமனையில சிரிச்சு முடிச்சாச்சா? இங்கெதுக்கு வந்தீரு?"

"மச்சான், நான் நிஜமாகத்தான் சொல்கிறேன்."

"நீரு என்னைக்குத்தான் நெசம் சொன்னீரு, நாங்க கண்டுபிடிக்கிறதுக்கு? போம்."

அதற்கு மேல் என்ன சொல்வது? வாழ்நாள் முழுக்கச் சிரிக்கவைத்தவன், ஒரு நாள் நம்பவைக்கவும் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறானா? "மச்சான், நம்ப வேண்டாம். பழைய பானைகள் இருந்தால் மட்டும் கொடுங்கள்" என்றான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பெண்கள் ஆளுக்கொரு பானையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கரையில் அவன் இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. காலையில் கொக்குகள் வரும். சாயங்காலம் போய்விடும். ஏரிக்கு அந்தப் பக்கம் அரண்மனையில் மேளம் கேட்கும், சிரிப்பும் கேட்கும். தான் இல்லாமலே அவர்களால் சிரிக்க முடிகிறது என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. யாரிடமும் பேச வழியில்லாததால் பானைகளோடு பேசினான். ஒரு நாளைக்கு ஒரு பானை. கரையடிக் கொப்பளிப்பில் பானையை வைத்து நிரப்பி, குடிசைக்குள் வரிசையாக அடுக்குவான். "நீ நேற்று வந்தவன். நீ இன்றைக்கு. உனக்குத்தான் கனம் அதிகம்" என்பான். கேட்ட விகடத்துக்கெல்லாம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவை அந்தப் பானைகள் மட்டும்தான். அது ஓர் ஆறுதலாகவே இருந்தது.

ஒரு நாள் பூவாயியின் மண்மேடு ஒரு பக்கமாக உள்வாங்கியிருந்தது. சேந்தன் கைகளால் மண்ணை அள்ளி அணைத்தான். மண்வெட்டிதானே கூடாது; கை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அணைத்த மண் மறுபடி இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சிரிக்க ஆளில்லாத இடம் என்பதால் தடையில்லாமல் அழ முடிந்தது.

வரப்பில் நின்ற இருளப்பன் அதைப் பார்த்தான். கிட்டே வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் குடிசை வாசலில் மூடிவைத்த கஞ்சிக் கலயம் ஒன்று இருந்தது. பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயம். யாரையும் காணோம்.

அதற்கடுத்த நாள் கலயத்தோடு ஆளும் இருந்தான். இருளப்பன் குடிசைக்குள் எட்டிப் பார்த்து, முதல் பானையில் கையை விட்டுத் துழாவினான். பிறகு கடைசிப் பானையில் விட்டான். முழங்கை வரைக்கும் போகவேண்டிய கை மணிக்கட்டோடு நின்றது. அடியெல்லாம் சேறு. கையை எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது.

"இவ்வளவு மண்ணா உள்ளருந்து போயிருக்கு?"

"தினமும் கொஞ்சம் கூடுதலாக, மச்சான்."

"நெசமாத்தான் சொன்னீரா அன்னைக்கு?"

சேந்தன் கடைசிப் பானையை மூடினான். "உங்கள் வண்டி வேண்டும்" என்றான்.

மறுநாள் சபைக்குள் ஒரு மாட்டுவண்டிச் சுமை பானைகள் வந்திறங்கின. ஒவ்வொரு பானையின் கழுத்திலும் கயிறு. எல்லாக் கயிறும் ஒரே கயிற்றில் சேர்ந்து சேந்தன் கையில். பானைகளைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மகாராஜா, தங்கள் அனுமதியில்லாமல் ஏரியை விட்டுத் தப்பிய குற்றவாளிகள். கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்."

"தண்ணீரையா கைது செய்தாய்!" ராஜா தொடையைத் தட்டினார். "சரி, விசாரணை நடக்கட்டும். என்ன களவு?"

"வண்டியில் வந்த அலுப்பில் கலங்கிப்போயிருக்கிறார்கள். கொஞ்சம் ஆறவிட்டால் தாங்களே ஒப்புக்கொள்வார்கள்."

ஆறும்வரை சேந்தன் ஒவ்வொரு பானையையும் குறுக்கு விசாரணை செய்தான். "உன் தகப்பன் பெயர் என்ன? ஓடையா? தாய்? மேகமா? நல்ல குடும்பத்தில் பிறந்துவிட்டு உனக்கு ஏன் இந்தப் புத்தி?" சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் தண்ணீர் தெளிந்தது. "பிரபு, தண்ணீரை விடுதலை செய்யுங்கள். திருட்டுப் பொருளை மட்டும் பறிமுதல் செய்யுங்கள்" என்று சொல்லி, முதல் பானையைப் பதமாகச் சாய்த்தான். தண்ணீர் போனது. அடியில் ஒரு விரல் சேறு. அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் மேலே. வரிசை நீள நீளச் சேறு ஏறிக்கொண்டே வந்தது. கடைசிப் பானையில் பாதிக்கு மேல் சேறு. சேற்றுக்குள் அழுகிய வைக்கோல்.

சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "வைக்கோலா? கரைக்குள் வைக்கோல் ஏது?" என்றார் ராஜா.

விருத்தகிரி எழுந்தார். "பிரபு, மண்ணையும் வைக்கோலையும் விகடரே பானையில் போட்டிருக்கிறார். நல்ல விகடம்!"

சபைக்கு மூச்சு வந்தது. மறுபடியும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். சேந்தன் சபையைச் சுற்றிப் பார்த்தான். பழைய சபை, பழைய சிரிப்பு. இவர்கள் முன்னால் உண்மையைச் சொன்னால் நடக்கிற காரியமில்லை என்பது அன்றைக்கே தெரிந்ததுதானே. தெரிந்துதான் வந்திருந்தான். அதனால் தரையில் விழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, பிரதானி சொல்வது இருக்கட்டும். ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்பது உத்தரவு. வெளியேறிய சொட்டுகள் இதோ சாட்சி. நான் குற்றவாளி. என் தலையை வாங்க உத்தரவிடுங்கள். ஆனால் குற்றம் நடந்த இடத்தில்தான் தண்டனை, ராஜா முன்னிலையில்தான் தலை. இந்த ராஜ்யத்தின் வழக்கம் அது. அதை மாற்ற வேண்டாம்."

"ஆம் பிரபு, வழக்கத்தை மீறக் கூடாது" என்றார் விருத்தகிரி. அவ்வளவு வேகமாக அவர் எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை. தலை உருள்வதைக் காணும் ஆவலில், எந்த இடத்தில் உருளப்போகிறது என்று யோசிக்க மறந்துவிட்டார்.

ராஜாவுக்கோ இது விகடத்தின் அடுத்த பாகம். எப்படி முடிக்கப் போகிறான் பார்க்கலாம் என்று சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு வரச்சொன்னார். யானை, குடை, கொம்பு, தாரை எல்லாம் கரைக்குப் போயின. "சிம்மாசனம் குற்றம் நடந்த இடத்திலேயே இருக்க வேண்டும்" என்று சேந்தன் கரையடியில் ஓரிடத்தைக் காட்டினான். மேலே நல்ல புல். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருந்தது. சிம்மாசனத்தைப் போட்டார்கள். ராஜா உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் இறங்கினார். முன்காலிரண்டும் புதைந்து சிம்மாசனம் சாய்ந்தது. ராஜா முழங்காலளவு சேற்றில் நின்றார். அவர் காலைச் சுற்றிச் செந்தண்ணீர் கொப்பளித்தது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் கரையில் கையை ஊன்றினார். கை முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது விரல்களுக்கு நடுவில் ஒரு பிடி வைக்கோல்.

யாரும் சிரிக்கவில்லை. கையிலிருந்த வைக்கோலைப் பார்த்தார் ராஜா. தலைக்கு மேலே வெள்ளையடித்து நின்ற கரையை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கரைக்கு அப்பால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவர் அல்லவா. கீழே தாழைக்குடியில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"பிரதானி, இதையும் சேந்தன்தான் போட்டானா?" என்றார். "மதகைத் திறங்கள். என் அனுமதி. எல்லாச் சொட்டுக்கும் அனுமதி!"

விருத்தகிரியின் தலையைச் சேந்தன்தான் காப்பாற்றினான். "வேண்டாம் பிரபு, கரைக்கு மண் சுமக்க ஆள் தேவை. தலை இருந்தால்தான் கூடை வைக்க முடியும்" என்றான். அப்படியே ஆனது.

ஏரி மெல்ல மெல்ல இறங்கியது. வாடிய நாற்றுக்குத் தண்ணீர் கிடைத்தது. மதகின் உள்வாய் வெளியே தெரிந்தபோது பார்த்தால், மேல்கல் விரிந்து ஒருபுறம் விலகியிருந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீர் கரைக்குள் புகுந்திருந்தது. கல்லை எடுத்து, புதுக்கல் இறக்கி, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு பூசினார்கள். மாட்டுவண்டிகள் பிரதானியின் மாளிகைக்குப் போய், போன கோடையில் வழிதவறிய கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தன. கரையை அடிவரை வெட்டி, கல்லுக்குப் பதில் திணித்திருந்த வைக்கோலை வெளியே எடுத்தார்கள். தாழைக்குடி வழக்கப்படி முதலில் பிடிமண் வைக்க வேண்டும். ஊர்க்காவல் சாமியை நினைத்து, ஏரியின் அடியிலிருந்து ஒரு பிடி களிமண் எடுத்து, கரையில் வைக்கும் வழக்கம் அது. அந்தப் பிடிமண்ணை ராஜா வைத்தார். அதன்மேல் ஊரே கூடை கூடையாகக் களிமண் போட்டது. போட்டதை எருமைகளை விட்டு மிதிக்கவைத்தார்கள், நனைத்தார்கள், மறுபடி போட்டார்கள். பூவாயியின் மேட்டுக்கு முதல் கூடையை இருளப்பன் போட்டான்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் புரட்டாசி வந்தது. சம்பந்தி ராஜாவும் வந்துவிட்டார். ராஜாவுக்கு உதறல். ஏரியில் சேறும் எருமையும்தான் இருந்தன. "சேந்தா, கலசத்தை ஏரித் தண்ணீரில் காட்டுகிறேன் என்று எழுதியனுப்பிவிட்டேனே. மானம் போகிறது!"

சேந்தன் அரண்மனைச் சமையற்கட்டிலிருந்த பெரிய வெண்கல உருளியை உப்பரிகைக்குத் தூக்கிவரச் சொன்னான். ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு, தெளியவைத்து, அதில் ஊற்றினான். உருளியைத் தாழ்வான முக்காலியில் வைத்து, சம்பந்தியை எதிரே உட்காரவைத்தான். எதிர்க் குன்றின் கலசம் உருளிக்குள் தலைகீழாக மின்னியது.

"ஏரித் தண்ணீர்தான் பிரபு. கலசமும் அதே கலசம்தான். மீதித் தண்ணீர் வயலுக்கு வேலையாகப் போயிருக்கிறது" என்றான்.

சம்பந்தி உருளியைப் பார்த்தார், கீழே கரையைப் பார்த்தார், தன் சம்பந்தியின் நகக்கண்ணில் இருந்த களிமண்ணைப் பார்த்தார். பெண்ணைக் கொடுக்கலாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். ராஜா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "சேந்தா, கேள்! என்ன வேண்டுமானாலும் கேள்!"

அந்த நேரம் பார்த்து, ஏரியில் களிமண் வெட்டியவர்கள் சேறு அப்பிய ஒரு பொருளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ராஜா அதை உருளித் தண்ணீரிலேயே அலம்பினார். பொன்னாரம். பதக்கத்தில் அரண்மனை முத்திரை.

"இது என்னுடையது அல்லவா! உனக்குத்தானே கொடுத்தேன்? பாரேன், ஏரியே உனக்குப் பரிசு கொடுக்கிறது! அது சரி, எந்த விகடத்துக்குக் கொடுத்தேன் இதை? இன்னொரு தடவை சொல்லு, சம்பந்தியும் கேட்கட்டும்."

சேந்தன் அந்தப் பொன்னாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உருளி தூக்கிவந்த இருளப்பன் சுவரோரம் நின்றிருந்தான். அவனும் அதையேதான் பார்த்தான்.

"என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொன்னீர்கள், மகாராஜா. சொல்கிறேன். சிரிக்காமல் கேட்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டிய பரிசு."

"சிரிக்காமல் விகடத்தைக் கேட்பதா? சரி, தந்தேன்."

சேந்தன் அன்று சொன்னதை அப்படியே சொன்னான்.

"மகாராஜா, என் மனைவி இறந்துவிட்டாள். போய்வர விடை கொடுங்கள்."

ராஜாவின் உதடு பழக்கத்தில் ஒரு பக்கம் கோணியது, பாதியில் நின்றது. அவன் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அப்படிச் சிரிக்கவைத்த அதே முகம். அதில் என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"அன்றைக்கு..." என்று ஆரம்பித்தார். பொன்னாரத்தைக் கீழே வைத்தார். தலைப்பாகையைக் கழற்றினார். எழுந்து வந்து, சாவு வீட்டு வாசலில் துக்கம் கேட்க வருகிறவர்கள் நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். ராஜாவானாலும் குடியானவனானாலும் துக்கத்துக்கு நீட்டும் கை ஒன்றுதான். சேந்தன் அந்தக் கைகளைத் தொட்டான். இத்தனை வருஷமாக யாரும் அவனிடம் துக்கம் கேட்டதில்லை.

"போய் வா, சேந்தா" என்றார் ராஜா.

படியிறங்கும்போது இருளப்பன் பின்னாலேயே வந்தான். வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னான்.

"ஏறுங்க மாப்ளே. வீட்டுக்குப் போவம். மத்தியானம் நீங்க சாப்பிடலையே."

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பியது; கரை நின்றது. கரையடியில் எங்கும் தண்ணீர் கொப்பளிக்கவில்லை. பொன்னாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உப்பரிகையிலேயே மறந்துவிட்டு வந்த அதை, பிறகு அவன் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கரைமேல் இருந்த அந்த ஓலைக் குடிசையில் மட்டும் புதிதாக ஒரு காவலர் இருந்தார். முன்னாள் பிரதானி. தினமும் காலையில் இறங்கிப்போய், கரையடி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். பேச்சுத் துணை இல்லாமல் அவர் தவிப்பதைப் பார்த்து, சில நாள் சாயங்காலம் ஒருவன் கஞ்சிக் கலயத்தோடு அங்கே போய் உட்கார்ந்து அவர் பேசுவதைச் சிரிக்காமல் கேட்டுவிட்டு வருவான். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.